டிக்கெட் இல்லாத குழாய்

"யார் கொடுக்கிறாங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எதை?"

"உப்பை. யாரோ உங்களுக்கு உப்பு கொடுக்கிறாங்க. இல்லைன்னா நீங்களே எடுத்துக்கிறீங்க. ரெண்டுல ஒண்ணு."

டெய்லரம்மா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். செருப்பு வார் பதிந்த இடம் மட்டும் பள்ளம். மற்ற இடமெல்லாம் உப்பி, கணுக்கால் எலும்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"சத்தியமா நான் தொடலை டாக்டரம்மா."

"தொடலைன்னு நீங்க சொல்றீங்க. தொட்டீங்கன்னு உங்க சிறுநீர் சொல்லுது. நான் யாரை நம்புறது?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அவளுடைய வீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு முன்னாடியே தெரியும் டாக்டர். டிக்கெட் எடுக்காதவன் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'செக்கிங்' என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற பிறகு சோதிக்கப் பஸ் இல்லை. வீடுதான் இருந்தது.

"போன தடவை வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் டாக்டரம்மா. "உப்பைக் குறைச்சதும் வீக்கம் வடிஞ்சுது, பிரஷர் இறங்கிச்சு. இப்போ பழைய குருடி கதவைத் திறடின்னு ஆகிடுச்சு. உங்க இதயம் ஏற்கெனவே களைச்சுப் போயிருக்கு. மாத்திரையை ஏத்திக்கிட்டே போக முடியாது. அடுத்த தடவையும் இதே மாதிரி வந்தீங்கன்னா வார்டுல சேர்த்துடுவேன். சாப்பாடு நாங்க போடுவோம்."

"வார்டுல தையல் மெஷின் வைக்க இடம் இருக்குமா?"

"மெஷினையா? இந்தக் காலை வச்சுக்கிட்டு இனிமே மிதிக்கவே கூடாதும்மா."

திரும்பி வரும் வழியெல்லாம் செக்கிங் பேசிக்கொண்டே வந்தார்.

"முன்னறையைக் காலி பண்ணிடலாம். செல்போன் கவர் விக்கிறவன் கேட்டுக்கிட்டே இருக்கான். நீ பாட்டுக்கு ஓய்வு எடு."

"கடையையா காலி பண்றது?"

"உன் உயிரை விடக் கடை பெரிசா?"

"நான் உப்பு தின்னலைங்க."

"சரி, சரி."

அந்த 'சரி, சரி'தான் அவளைக் குத்தியது. நம்பாதவர்கள்தான் அப்படி இரண்டு தடவை சொல்வார்கள்.

முன்னறை என்பது சின்ன அறைதான். ஒரு மிதி மெஷின், ஆளுயரக் கண்ணாடி, இஸ்திரி மேஜை, சுவர் நீளத்துக்கு ஒரு கம்பி. கம்பியில் இப்போது வாத்தியக் குழுக்காரர்களின் சிவப்புக் கோட்டுகள் கையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தவள், இன்றைக்குக் கோட்டு வரைக்கும் வந்திருக்கிறாள். அந்த அறையில் ஒருவரும் அவளிடம் 'சரி, சரி' என்று சொன்னதில்லை.

மறுநாளே ஆட்சி மாறியது. சமையலறை உப்பு ஜாடி ஒரு தகரப் பெட்டிக்குள் போனது. பெட்டிக்குப் பூட்டு. சாவி செக்கிங்கின் இடுப்பில், பழைய விசிலோடு சேர்ந்து தொங்கியது. சமையலும் அவரே. இதெல்லாம் போதாதென்று ஒரு பலகையில் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, சிவப்பில் எழுதிக் கடை வாசலில் மாட்டினார்:

'டெய்லரம்மாவுக்கு உப்பு கொடுக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அங்கே இருப்பவர் செக்கிங்கின் அக்கா. டெய்லரம்மாவுக்கு நாத்தனார்; அவரை அவள் வாய் நிறைய 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி வீட்டு ஜன்னலும் இவர்கள் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலம்தான்.

"என்னடா எழுதியிருக்கே? கண்ணாடியை எங்கேயோ வச்சுட்டேன்."

"இவளுக்கு யாரும் உப்பு கொடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்க்கா."

"நானா கொடுக்கிறேன்? ஏம்மா டெய்லரே, நானா உனக்குக் கொடுத்தேன்?"

"நீங்க எனக்குப் பச்சைத் தண்ணி கூடக் கொடுத்ததில்லையே அண்ணி."

"கேட்டாத்தானே கொடுக்கிறதுக்கு! உங்க வீட்டுல சுண்ணாம்பை எடுக்கிற மெஷின் தண்ணி வருது, என் வீட்டுச் சுண்ணாம்புத் தண்ணியை நீ தொடுவியா?" அண்ணி தம்பி பக்கம் திரும்பினார். "டேய், பொத்தான் டப்பாவைப் பாத்தியா? ஊறுகாயை அதுலதான் ஒளிச்சு வைப்பாங்க. நான் அப்படித்தான் வச்சேன், எனக்கு ஊறுகாய் ஆகாதுன்னு டாக்டர் சொன்னப்போ."

செக்கிங் உடனே உள்ளே போனார். பொத்தான் டப்பா கவிழும் சத்தம் கேட்டது. கோட்டுக்கான பித்தளைப் பொத்தான்கள் அறை முழுக்க உருண்டோடின.

"கிடைச்சுதா?" என்று கேட்டாள் டெய்லரம்மா.

"இல்லை."

"அப்போ பொறுக்குங்க."

கடைக்கு வந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். பாண்டு வாசிக்கிறவர் அளவு கொடுக்க வந்து, "டெய்லரம்மா, நான் வேர்வையோட வந்திருக்கேன். அதுலயும் உப்பு இருக்கே, பரவாயில்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர் போன பிறகு ஊசியில் நூல் கோக்க நேரமானது. கண் கலங்கியிருந்தால் ஊசிக் காது தெரியாது.

செக்கிங்கின் சமையலில் எல்லாமே தண்ணீரில் வேகும். காய் வெந்த தண்ணீரையும் வீணாக்காமல் சூப்பாக்கி வைப்பார்.

ஒருநாள் மத்தியானம் டெய்லரம்மா ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னங்க, இதுல உப்பு போட்டீங்களா?"

"நானா?" செக்கிங் சாவியைத் தூக்கிக் காட்டினார். "பெட்டி பூட்டியிருக்கு. நீ போட்டியா?"

"கரிக்குதே."

அவரும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். "கரிக்குதா? மண்ணு மாதிரி இருக்கு. உப்புக்கு ஏங்கி ஏங்கி உன் நாக்கே உப்பாகிடுச்சு."

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெறும் தண்ணீரைப் பிடித்துக் குடித்தாள். நாக்கில் வைத்துக்கொண்டு யோசித்தாள். லேசான வழவழப்பு. அதற்கு அடியில், துணிக்கு அடியில் லைனிங் மாதிரி, மெல்லியதாக ஒன்று. மாதக்கணக்கில் உப்பில்லாமல் சாப்பிட்ட நாக்கு. கல்லுப்பு பக்கத்து அறையில் இருந்தால்கூடக் கண்டுபிடிக்கும் போலிருந்தது.

"தண்ணியே கரிக்குதுங்க."

"தண்ணியைக் குறை சொல்லாதே. இந்தத் தெருவிலேயே நம்ம வீட்டுலதான் இந்த மாதிரித் தண்ணி."

அது உண்மைதான். வீட்டின் பின்பக்கச் சந்தில் ஒரு நீலத் தொட்டி நின்றது. நிலத்தடித் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துவிட்டு மென்மையாக்கி அனுப்பும் மெஷின். அது வந்த பிறகு சோப்பு நுரைத்தது, குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகக் கல் கட்டுவது நின்றது, அவளுடைய நீராவி இஸ்திரிப் பெட்டி அடைத்துக்கொள்ளாமல் வேலை செய்தது. அதற்காக அவளுமே அந்தத் தொட்டியை மனசுக்குள் வாழ்த்தியிருக்கிறாள். செக்கிங்கோ தினமும் அதைத் துடைத்து வைத்தார்.

சாயங்காலம் அண்ணியின் பாவாடைக்கு ஓரம் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க அண்ணி."

"என் வீட்டுத் தண்ணியா? தம்பி பாத்தா என்மேல நடவடிக்கை எடுப்பான்."

"கொடுங்களேன்."

டம்ளரின் உள்பக்கமெல்லாம் சுண்ணாம்பு படிந்து பால் குடித்த மாதிரி இருந்தது. தண்ணீர் தொண்டையில் கனமாக இறங்கியது, கல்லைக் கரைத்துக் குடிப்பது போல. ஆனால் கரிக்கவில்லை. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி, மெதுவாகக் குடித்தாள்.

"என்னம்மா, மருந்து குடிக்கிற மாதிரிக் குடிக்கிறே?"

"ஒண்ணுமில்லை அண்ணி. ஒரு யோசனை."

யோசனை இரண்டு நாள் அவளோடு மெஷின் மிதித்தது. அதற்கு ஒரு முகம் கிடைத்தது செக்கிங் உப்பு வாங்கி வந்தபோதுதான். சாக்கு மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, கடை வழியாக, அந்தப் பலகைக்குக் கீழேயே குனிந்து உள்ளே வந்தார்.

"அது என்னங்க?"

"உப்பு மூட்டை. கண்ணு தெரியலையா?"

"யாருக்கு?"

"மெஷினுக்கு."

"ஏன், அதுக்கு டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

செக்கிங் சிரிக்கவில்லை. பின்சந்துக்குப் போய் மூட்டையைப் பிரித்தார். டெய்லரம்மா கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே பின்னால் போனாள்.

"போன தடவை வாங்கின மூட்டை எங்கே?"

"தீர்ந்துபோச்சு."

"யார் தின்னா?"

"மெஷின்தான்."

"தின்னுட்டு எங்கே வச்சிருக்கு?"

"எங்கேயும் வைக்கலை. அது... தண்ணியை மென்மையாக்குது."

"மென்மையாக்கின பிறகு உப்பு எங்கே போகுது?"

"சாக்கடைக்குப் போயிடும்."

"முழுக்கவா?"

செக்கிங் மூட்டையை இறக்கி வைத்தார். "உனக்கு இப்போ என்ன வேணும்?"

"ஒரு வீட்டுக்குள்ள மூட்டை மூட்டையா உப்பு வருது. அது வெளியே போற வழி எதுன்னு உங்களுக்குத் தெரியலை. நீங்க என் பொத்தான் டப்பாவைக் கவுத்துப் பாக்குறீங்க."

ஜன்னலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "நியாயமான கேள்விடா!"

"அக்கா, நீ சும்மா இரு." செக்கிங் செல்போனை எடுத்தார். "இப்பவே மெஷின்காரரைக் கேட்டுடுவோம். ஸ்பீக்கர்லயே போடுறேன். ரெண்டு பேரும் கேட்டுக்கங்க."

மெஷின்காரர் எங்கோ இன்னொரு வீட்டில் வேலையாக இருந்தார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார். மெஷின் நல்லா ஓடுதா?"

"அருமையா ஓடுது. இங்கே ஒரு சந்தேகம். நாம போடுற உப்பு சாக்கடைக்குத்தானே போகுது?"

"ஆமா சார், பெரும்பகுதி கழுவுற தண்ணியோட போயிடும்."

"பாத்தியா!" என்றார் செக்கிங்.

டெய்லரம்மா போன் பக்கம் குனிந்தாள். "பெரும்பகுதி சரி. மீதி?"

"அம்மாவா? சொல்றேன்மா. மெஷினுக்குள்ள கடுகு மாதிரி சின்னச் சின்ன மணிகள் இருக்கு. நீங்க போடுற உப்புல இருந்து சோடியம் வந்து அதுல உக்காந்திருக்கும். உடம்புக்கு ஆகாதுன்னு டாக்டருங்க சொல்றாங்களே, அதே சோடியம்தான். தண்ணி உள்ளே வந்ததும் சுண்ணாம்பு போய் அந்த மணியில உக்காந்துக்கும். உக்காந்திருந்த சோடியம் எழுந்து தண்ணியோட வந்துடும்."

செக்கிங்குக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. "ஸ்டாப்பிங்ல இறங்கி ஏறுற மாதிரி."

"கரெக்ட் சார்! சுண்ணாம்பு இறங்கும், சோடியம் ஏறும். அதுலயும் ஒரு சுண்ணாம்பு இறங்கினா ரெண்டு சோடியம் ஏறும்."

"ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரா? யார் அதை அனுமதிச்சது?"

"அது அப்படித்தான் சார். நம்ம பக்கத்துத் தண்ணில சுண்ணாம்பு ரொம்ப ஜாஸ்தி. இறங்குறது எவ்வளவோ, ஏறுறதும் அதுக்குத் தகுந்த மாதிரி."

"அப்போ இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா?" என்றாள் டெய்லரம்மா.

"நல்லா இருக்கிறவங்க குடிச்சா ஒண்ணும் ஆகாதும்மா. எத்தனையோ பேர் குடிக்கிறாங்க. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவங்க இருக்காங்களே, அப்புறம் கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைக்கிறவங்க, அவங்களுக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லுவோம். கொதிக்க வச்சாலும் போகாது அது. ஆனா உங்களுக்கு ஏன் கவலை? சமையலறைக் குழாயை நான் மெஷின் பக்கமே விடலையே. நேரா பைப்புல இருந்து தனியாத்தான் கொடுத்திருக்கேன். சாருக்கு அன்னிக்கே எல்லாம் சொன்னேன்."

"அப்போ சமையலறைல வர்றது சுண்ணாம்புத் தண்ணியா?"

"ஆமாம்மா. குடிக்கிறது, சமைக்கிறது ரெண்டுக்கும் அதான்."

போன் வைக்கப்பட்டது. "பாத்தியா!" வரவில்லை. டெய்லரம்மா திரும்பிப் பார்த்தாள். செக்கிங் உப்பு மூட்டையின் வாயை மிக மும்முரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். காது இரண்டும் கோட்டுத் துணி நிறத்தில் இருந்தன. டிக்கெட் எடுக்காதவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னங்க."

"என்ன?"

"நம்ம கெட்டில்ல ஏன் இப்போ சுண்ணாம்பு படியிறதில்லை?"

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். வீங்கின காலோடு மெதுவாகக் கீழே உட்கார்ந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்தாள். பழைய குழாய் ஒன்று மூடியால் அடைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், பளபளவென்று ஒரு புதுக் குழாய் வளைந்து போய் மெஷின் லைனோடு சேர்ந்திருந்தது. இணைப்பில் சுற்றியிருந்த வெள்ளை டேப்பில் இன்னும் அழுக்குகூடப் படவில்லை.

"இது யார் தையல்?"

"நான்தான்," என்றார் செக்கிங், வாசலில் நின்றபடி.

"எப்போ?"

"புது கெட்டில் வாங்கினோமே, அப்போ."

"எனக்குக் கால் வீங்க ஆரம்பிச்சதும் அப்போதான்."

"கெட்டில் வாங்கின அன்னிக்கே உள்ளே வெள்ளையாப் படிஞ்சுது. பாத்துக்கிட்டு இருக்க முடியலை. அது மட்டும் இல்லை. வீட்டுல அத்தனை குழாயும் ஒழுங்கா மெஷின் வழியா வருது. இது ஒண்ணு மட்டும் பக்கவாட்டுல புகுந்து சும்மா வருது. மெஷின்காரர் ஏதோ சொன்னார். நான் சரியாக் காதுல வாங்கலை. என் சர்வீஸ்ல ஒருத்தரைக்கூட டிக்கெட் இல்லாம நான் விட்டதில்லை."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதையும் வெளியே விடாமல் எழுந்தாள். செக்கிங் அதற்குள் சுதாரித்துக்கொண்டார்.

"இருந்தாலும், தண்ணில இருக்கிறது எவ்வளவு இருக்கப் போகுது? நானும் அதையேதான் குடிக்கிறேன். என் கால் வீங்கலையே? டாக்டர் சொன்ன உப்பு வேற, நீ வேற எங்கேயோ..."

"வேற எங்கேயோ?"

"சொல்றேன், அவ்வளவுதான்."

அவள் கத்தரிக்கோலைச் சமையல் மேடையில் வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைத்தாள். ஆனாலும் எதிர் ஜன்னலில் அண்ணி நிமிர்ந்து நின்றார்.

"சரிங்க. அடுத்த டாக்டர் நாள் வரைக்கும் ஒண்ணும் மாத்த வேண்டாம். இந்தக் குழாயும் இப்படியே இருக்கட்டும். பெட்டி பூட்டியே இருக்கட்டும், சாவி உங்க இடுப்புலயே தொங்கட்டும். நீங்களே சமைங்க. பலகையும் கிடக்கட்டும். நான் கடையை விட்டு நகர மாட்டேன். தண்ணி மட்டும், குடிக்கிறதுக்கும் எனக்குச் சமைக்கிறதுக்கும், அண்ணி வீட்டுல இருந்து வரணும். இதுக்கப்புறமும் கால் வீங்கியே இருந்தா நானே கடைச் சாவியை அந்த செல்போன் கவர்காரர் கையில கொடுக்கிறேன்."

"வடிஞ்சுதுன்னா?"

"அப்போ நான் சொன்னது நிஜம்னு நீங்களே ஒத்துக்கணும். எல்லார் முன்னாடியும்."

"நான் சாட்சி!" என்றது ஜன்னல். "டேய், ஒத்துக்கடா. பயமா?"

"எனக்கென்ன பயம்?"

"அப்போ குடத்தை எடுத்துட்டு வா."

அன்றைக்கே டெய்லரம்மா கோட்டுக் காலருக்கு வைக்கும் விறைப்புத் துணியில் ஒரு பட்டை வெட்டினாள். கணுக்காலைச் சுற்றி வைத்து, முனை சேரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள்.

"கொடு, அளவு நான் எடுக்கிறேன்," என்றார் செக்கிங்.

"வேண்டாம். நீங்க எடுத்தா நீங்க நினைச்சது வரும், நான் எடுத்தா நான் நினைச்சது வரும். அண்ணி எடுக்கட்டும்."

அண்ணிக்கு இதில் வந்த மிடுக்கைச் சொல்லி முடியாது. தினமும் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருவார். வந்ததும் முதலில், "வாயைத் திற," என்று டெய்லரம்மாவைச் சோதிப்பார். அடுத்து தம்பியின் இடுப்புச் சாவியை எண்ணிப் பார்ப்பார், ஒரே சாவிதான் என்றாலும். பிறகுதான் பட்டையைச் சுற்றுவார்.

முதல் சில நாட்கள் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. செக்கிங் விசிலடித்துக்கொண்டே காய் நறுக்கினார். செல்போன் கவர்காரர் வந்து கடைச் சுவரை முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். "இங்கே ஒரு கண்ணாடி ஷோகேஸ் வைப்பேன்மா," என்றார், அவள் அங்கேயே உட்கார்ந்து கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருக்கும்போதே.

"வைங்க, வைங்க," என்றாள் அவள். "முதல்ல இந்தக் கை நிக்கட்டும்."

அன்றைக்கு மட்டும் அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. நாக்கு ஏமாற்றியிருக்குமோ? வேறு எங்கிருந்தோ தனக்கே தெரியாமல் உப்பு வருகிறதோ? மெஷினை நிறுத்தி, காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு, வெறுமனே கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அண்ணி பட்டையைச் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"என்ன அண்ணி?"

"இரு, இரு. கண்ணாடியைத் துடைச்சுக்கிறேன்." துடைத்துக்கொண்டார். "டேய்! இங்கே வாடா! கோடு தாண்டிப் போகுது!"

"எந்தப் பக்கம்?" செக்கிங் கரண்டியோடு ஓடி வந்தார்.

"உள்பக்கம்டா! பட்டை மேலே பட்டை ஏறுது!"

அடுத்த நாள் இன்னும் ஏறியது. அதற்கடுத்து, சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது வார் பதிந்த பள்ளம் காணாமல் போயிருந்தது. ஒரு காலையில் டெய்லரம்மா கட்டிலில் உட்கார்ந்து கீழே பார்த்தாள். கணுக்கால் எலும்பு, ஊருக்குப் போயிருந்த சொந்தக்காரர் மாதிரி, தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அது அவளுக்கு மட்டும் இருக்கட்டும்.

டாக்டர் நாளன்று அண்ணியும் பட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு கூடவே வந்தார். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார்; விரல் பதியவில்லை. சோதனை முடிவைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"நின்னு போச்சே! உப்பு நின்னு போச்சு. அப்போ யாரோ கொடுத்துட்டுத்தான் இருந்திருக்காங்க. யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சேன் டாக்டரம்மா," என்றாள் டெய்லரம்மா. "இதோ, பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கார்."

டாக்டரம்மாவின் கண்ணாடி மூக்குநுனிக்கு இறங்கியது. செக்கிங் எழுந்து நின்றேவிட்டார்.

"குழாயை மாத்தினது நான்தான் டாக்டர்," என்றார்.

டெய்லரம்மா மூட்டையிலிருந்து மணி வரைக்கும், மணியிலிருந்து கெட்டில் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் நிறுத்திய இடங்களில் அண்ணி சேர்த்துக்கொண்டார். டாக்டரம்மா இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எல்லாமே அந்தத் தண்ணிலயா வெந்தது? சூப்பு, டீ, எல்லாமே?"

"எல்லாமே. காய் வெந்த தண்ணியையும் நான்தான் குடிச்சேன்."

"அதான். சாதாரணத் தண்ணியா இருந்தா இந்த அளவுக்குத் தெரியாது. உங்க பக்கத்துத் தண்ணி அப்படி, உங்க இதயமும் அப்படி." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஊறுகாய், பாக்கெட் தீனி, சாஸ் எல்லாம் கேட்டேன். தண்ணி எங்கேயிருந்து வருதுன்னு கேக்கவே இல்லை. கேட்டிருக்கணும். நீங்க பொய் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன்மா. மன்னிச்சுடுங்க."

"பரவாயில்லை டாக்டரம்மா. மெஷின் மிதிக்கலாமா?"

"நடுநடுவுல எழுந்து நடங்க. காலைத் தூக்கி வச்சு ஓய்வு கொடுங்க. மிதிங்க."

"நானும் அந்த மெஷின் தண்ணியைக் குடிச்சேனே டாக்டர்," என்றார் செக்கிங், மெதுவாக. "எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லை. குளிங்க, துவைங்க, குடிங்க. ஆனா ஒரே வீட்டுல ஒருத்தருக்கு ஆகாதுன்னா சமையலறைக் குழாய் தனியாவே இருக்கட்டும். அதை உங்க ஆளு முதல்லயே சரியாத்தான் வச்சிருக்கார்."

தெருவுக்குள் நுழையும்போது செல்போன் கவர்காரர் கடை வாசலில் நின்றிருந்தார். கையில் அளவு டேப்.

"கடை எப்போ காலி ஆகும்மா?"

டெய்லரம்மா செக்கிங்கைப் பார்த்தாள். எல்லார் முன்னாடியும் என்பதுதான் பேச்சு. வாசலில் பாண்டு வாசிக்கிறவர் கோட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார். கூட இன்னும் இரண்டு குழுக்காரர்கள்.

செக்கிங் தொண்டையைச் செருமினார். பஸ்ஸில் எல்லா சீட்டுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல்.

"கடை காலி இல்லை. என் வீட்டுக்காரி உப்பு திங்கலை. நான்தான் கொடுத்தேன், குழாய் வழியா. அவ சொன்னதை நான் நம்பலை."

பாண்டு வாசிக்கிறவர் தோளிலிருந்த வாத்தியத்தை எடுத்து டமாரென்று ஒரு தட்டுத் தட்டினார். தெருவே எட்டிப் பார்த்தது.

செக்கிங் நாற்காலி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார்.

"உடைச்சு அடுப்புல போட்டுடவா?"

"ஏங்க, வார்த்தையெல்லாம் சரியாத்தானே இருக்கு," என்றாள் டெய்லரம்மா. "மாட்டின இடம்தான் தப்பு. குழாய்க்கு மேலே மாட்டுங்க."

மாட்டினார். பளபளக்கும் சமையலறைக் குழாய்க்கு நேர் மேலே, 'டெய்லரம்மாவுக்கு உப்பு கொடுக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' பிறகு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அவளிடம் நீட்டினார். விசிலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"டிக்கெட் இல்லாம மாட்டினவங்களை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அவள்.

"அபராதம்."

"அப்போ பழைய குழாயைத் திரும்ப மாட்டித் தர மெஷின்காரர் வர்ற வரைக்கும் தண்ணி நீங்கதான் சுமக்கணும். எனக்கு மட்டும் இல்லை. அண்ணி வீட்டுத் தொட்டியையும் நிரப்பிட்டு வரணும்."

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு சந்து தாண்டிப் போனார். பக்கத்து வீட்டுக் கதவில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குறுக்கே கையை நீட்டியபடி அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"டிக்கெட்டைக் காட்டு."

"அக்கா..."

"டிக்கெட் இல்லாம என் வீட்டுக் குழாய் கிட்டே ஒருத்தரும் போக முடியாது. என் வீட்டுத் தண்ணிடா இது. என் தம்பி பொண்டாட்டியை எழுப்பி உக்கார வச்ச தண்ணி."

முன்னறையிலிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு தரம் நின்றது. அடக்க முடியாத சிரிப்பு ஒன்று ஜன்னல் வழியாக வந்தது. பிறகு மெஷின் முன்னை விட வேகமாக ஓடியது.